மடை அடைக்கும் கை

1

மாசி மாத விடியல். கீழ்புத்துப்பட்டில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறேன். முதல் பேருந்தில் வடக்கே மரக்காணம் வந்து உப்பளத்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பாத்திகளுக்குள் வானம் இன்னும் கருநீலமாகவே கிடக்கிறது. கழுவெளிச் சதுப்புநிலப் பக்கமிருந்து பறவைகளின் சத்தம் வந்து வந்து அடங்குகிறது.

எதிரே ஓர் அம்மா மடையைத் திறந்து பாத்திக்குத் தண்ணீர் விடுகிறார். சேலையை ஏற்றிச் சொருகியிருக்கிறார். தலையில் துண்டு, கணுக்கால் வரை சேறு. தண்ணீர் நான்கு மூலைக்கும் பரவி விரற்கடை உயரம் ஏறுகிறது. மண்வெட்டியால் ஒரு வெட்டு. களிமண் கட்டி மடைவாயில் விழுகிறது. அதன்மேல் குதிகாலால் ஒரு மிதி. தண்ணீர் நின்றுவிட்டது.

"அதுக்குள்ள அடைச்சிட்டீங்களேம்மா?" என்று கேட்டேன்.

"அடைக்காம வுட்டா எப்பிடி தம்பி உப்பு பூக்கும்? தண்ணி வந்துகினே இருந்தா அது பாத்தியா? ஏரி ஆயிடும்."

சொல்லிவிட்டு அடுத்த மடைக்குப் போய்விட்டார். நான் நோட்டைத் திறந்து அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். பல ஆண்டுகளாக ஒரு நொதியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது.

2

வெயில் ஏறுகிறது. சற்றுத் தள்ளி விளைந்த பாத்தியில் ஒருவர் பலகை போட்டு உப்பை வாருகிறார். நீண்ட கழியை இரு கையாலும் பிடித்து இழுக்கிறார், தளர்த்துகிறார், மறுபடி இழுக்கிறார். உப்பு சரசரவென்று கரைக்கு வருகிறது.

அந்தக் கையில் நடப்பதைக் கண் மூடி நினைத்துப் பார்க்கிறேன்.

மூளையிலிருந்து கிளம்பிய கட்டளை தண்டுவடம் வழியே நரம்பில் ஓடி வருகிறது. அந்த ஓட்டமே உப்பால் ஆனதுதான். நரம்பிழைக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். வழிநெடுகச் சின்னச் சின்ன வாயில்கள் திறக்க, சோடியம் உள்ளே பாய, அந்தப் பாய்ச்சல் அடுத்த வாயிலைத் திறக்கிறது. இந்தப் பாத்தியில் விளையும் அதே சோடியம்.

நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஏறக்குறைய 50 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. மின்துடிப்பால் அதைத் தாண்ட முடியாது. எனவே நரம்பின் முனையில் காத்திருக்கும் நுண்பைகள் உடைந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை அந்த இடைவெளியில் கொட்டுகின்றன. ஒவ்வொரு பையிலும் பல ஆயிரம் மூலக்கூறுகள். அவை அக்கரை சேர்ந்து தசையின் கதவைத் தட்டுகின்றன. தசை இறுகுகிறது. பலகை நகர்கிறது.

இதுவரை மடை திறந்த கதை. பள்ளிப் பாடமும் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்தக் கை தளர்ந்தால்தானே அடுத்த முறை இழுக்க முடியும்?

3

தளர்த்துவதற்கென்றே அந்த இடைவெளியில் ஒருவர் காத்திருக்கிறார். அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்று பெயர். நாவுக்குச் சிரமமான பெயர்தான். ஆனால் சொல்லிப் பழகவேண்டிய பெயர்.

அந்த நொதியின் வேலை ஒன்றே ஒன்று. வந்த அசிட்டைல்கோலினைப் பிடித்து இரண்டாக வெட்டுவது. ஒரு துண்டு கோலின், மற்றது அசிட்டேட். முட்டையின் மஞ்சள் கருவில் நிறைந்திருப்பது அந்தக் கோலின். வினிகரின் புளிப்பைத் தருகிற அமிலத்தின் மறுவடிவம் அந்த அசிட்டேட். இரண்டாகப் பிரிந்தபின் தசையின் கதவைத் தட்டும் வலு எதற்கும் இல்லை. கோலினை நரம்பு திரும்ப உள்ளிழுத்து, அடுத்த செய்திக்கு மறுபடி அசிட்டைல்கோலின் கட்டிக்கொள்கிறது. வீணாவது மிகக் குறைவு.

இந்த வெட்டு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்குப் பத்தாயிரம் என்ற அளவில் வெட்டித் தள்ளுகிறது. நம் உடலின் மிக வேகமான நொதிகளில் இதுவும் ஒன்று.

வேகம் எதற்கு என்று யோசித்தேன். உப்பு வாருகிறவரின் கையைப் பார்த்ததும் விளங்கியது. செய்தி நீடித்தால் அது செய்தியாக இருக்காது. மணியை ஒருமுறை அடித்தால் அழைப்பு. அடித்துக்கொண்டே இருந்தால் வெறும் இரைச்சல். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு மௌனம் வேண்டியிருக்கிறது. அந்த மௌனம் தானாக வருவதில்லை, உடல் அதை உழைத்து உண்டாக்குகிறது.

4

மதியம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நொதியின் உருவத்தை நோட்டில் வரைந்து பார்க்கிறேன்.

மனித உடலில் இதைக் கட்டும் மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. 583 அமினோ அமிலங்கள் கோத்த மாலை, தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஒரு பந்தாகிறது. தசை முனைகளில் இவை தனித்தனியாகத் திரிவதில்லை. நான்கு நான்காகச் சேர்ந்த மூன்று கொத்துகள், பன்னிரண்டு நொதிகள், கொலாஜன் இழை ஒன்றின் மூலம் இடைவெளியிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. நரம்பிலிருந்து வரும் எதுவும் இந்தக் காவலைக் கடந்துதான் போகவேண்டும்.

பந்தின் ஒரு பக்கம் கிணறு போல ஒரு குழி இறங்குகிறது. ஆழம் இரண்டு நானோமீட்டர். வெட்டும் இடம் அதன் அடியில் இருக்கிறது. அங்கே மூன்று அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கின்றன. 203-ஆம் இடத்தில் செரின், 334-இல் குளுட்டமேட், 447-இல் ஹிஸ்டிடின். மாலையில் எங்கெங்கோ கிடந்தவை, சுருண்டபின் அருகருகே வந்து சேர்ந்தவை. வெட்டுகிற கை செரின். மற்ற இரண்டும் அதற்கு வலு கொடுக்கின்றன. வெட்டியவுடன் அசிட்டைல் துண்டு ஒரு கணம் செரினோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு நீர் மூலக்கூறு வந்து அதைக் கழுவிவிடுகிறது. கை சுத்தமாகி அடுத்ததற்குத் தயாராகிவிடுகிறது.

எனக்கு வியப்பு இந்தக் குழியைப் பற்றித்தான். இவ்வளவு வேகமாக வேலை செய்யவேண்டியவர் கடையை வாசலில் அல்லவா போட்டிருக்க வேண்டும்? ஏன் கிணற்றின் அடியில்? குழியின் சுவரெங்கும் வளைய வடிவம் கொண்ட அமினோ அமிலங்கள் பதிந்திருக்கின்றன. அசிட்டைல்கோலினின் ஒரு முனையில் நேர்மின்னூட்டம் உண்டு. அந்த வளையங்கள் அதை மெல்லப் பற்றிப் பற்றி இறக்கிவிடுகின்றன. வாயருகே ஒரு டிரிப்டோபேன் வரவேற்கிறது. அடியில் 86-ஆம் இடத்து டிரிப்டோபேன் பிடித்து உட்காரவைக்கிறது. நொதி முழுவதுமே ஒரு மின்புலத்தால் விருந்தாளியைத் தன்பக்கம் இழுக்கிறது.

இன்னொன்று. அந்தக் குழி நடுவில் மிகக் குறுகலானது. படத்தில் உறைந்து நிற்கும் நிலையில் அசிட்டைல்கோலின் உள்ளே நுழையவே இடம் போதாது. ஆனால் உயிருள்ள நொதி உறைந்து நிற்பதில்லை. அதன் சுவர்கள் ஓயாமல் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன. விரியும் கணத்தில் விருந்தாளி நழுவி உள்ளே இறங்குகிறார். கல்லாகத் தோன்றும் ஒன்று மூச்சுவிடுவதால்தான் வேலை நடக்கிறது. இதைப் படித்த நாளில் நெடுநேரம் வேறெதையும் நினைக்கத் தோன்றவில்லை.

5

இதையெல்லாம் எப்படிக் கண்டார்கள்?

ஓட்டோ லோவி 1921-இல் இரண்டு தவளை இதயங்களை உப்புநீரில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். எந்த நரம்பையும் தொடாமலேயே அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்று உலகம் அறிந்தது அந்த உப்புநீரால். சோதனையின் வழி தூக்கத்தில் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன் 1914-லேயே ஹென்றி டேல், அசிட்டைல்கோலினின் விளைவு இவ்வளவு சீக்கிரம் மறைகிறதே, உடலில் அதை உடைக்கும் நொதி ஒன்று இருக்கவேண்டும் என்று ஊகித்திருந்தார். இருவருக்கும் 1936-இல் நோபல் பரிசு.

நொதியின் முப்பரிமாண உருவம் 1991-இல் வெளிவந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜோயல் சுஸ்மன், இஸ்ரேல் சில்மன் ஆகியோரின் குழு அதைச் செய்தது. அவர்கள் எடுத்தது மனித நொதியை அல்ல, பசிபிக் கடலின் மின் திருக்கை ஒன்றின் நொதியை. மின் திருக்கையின் மின்னுறுப்பு தசையிலிருந்து உருவானது. நரம்பு வந்து சேரும் முனைகள் அதில் அடுக்கடுக்காக இருப்பதால் நொதி கொட்டிக் கிடக்கிறது. நம் உடலிலும் அதே குழி, அதே மூவர். இந்தக் கரையில் திருக்கையைக் குழம்பு வைத்து உண்கிற நமக்கும் அந்த மீனினத்துக்கும் நடுவே இப்படி ஓர் உறவு.

6

இனி எழுதப்போவதுதான் இந்த நொதியை எனக்கு அறிமுகம் செய்தது.

எங்கள் மாமா மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பூச்சிமருந்து அடிக்கப் போனார். மாலை நேரம். முதுகில் டேங்க், வெற்று மார்பு, இடுப்பில் ஒரு துண்டு. கடல்காற்று திரும்பியது. அடித்த மருந்தெல்லாம் அவர் மேலேயே வந்து விழுந்தது. "காத்து மாறிடுச்சி, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவினாரே தவிர குளிக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு வியர்க்கத் தொடங்கியது. வேட்டி நனைந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. கண்ணீர் நிற்கவில்லை. அத்தை விளக்கைப் பக்கத்தில் பிடித்தபோது அவர் கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தது. புஜத்துத் தசைகள் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடித்தன. பித்தம் என்றார் ஒருவர். விடியட்டும், போகலாம் என்றார் இன்னொருவர். நாங்கள் விடியட்டும் என்று இருந்தோம்.

காலையில் மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி ஏற்றினார்கள். வியர்வை அடங்கியது, நெஞ்சுச் சளி குறைந்தது, பேசினார். எங்களுக்கு உயிர் வந்தது. மூன்றாம் நாள் காலை மருத்துவர் வந்து கட்டிலருகே நின்று, "ஐயா, தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்க" என்றார்.

மாமா முயன்றார். கண் மேலே போனது. கழுத்து நரம்பு புடைத்தது. தலை எழவில்லை. நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கிப் பார்த்த கழுத்து அது. மருத்துவர் உடனே திரும்பிச் செவிலியரிடம் செயற்கைச் சுவாசத்துக்குத் தயார் செய்யச் சொன்னார். அரைமணி நேரத்தில் மூச்சு திணறத் தொடங்கியது. அந்த ஒரு சோதனைதான் அவரைக் காப்பாற்றியது.

7

அந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இலங்கையில் நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இரு மருத்துவர்கள் பூச்சிமருந்தால் பாதிக்கப்பட்டு வந்தவர்களைப் பொறுமையாகக் கவனித்தார்கள். முதல் ஆபத்து தாண்டி, பிழைத்துக்கொண்டார் என்று எல்லோரும் மூச்சுவிடும் வேளையில், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கழுத்தும் மூச்சுத் தசைகளும் செயலிழப்பதைக் கண்டார்கள். 1987-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பத்து நோயாளிகளைக் கொண்டு அதை எழுதினார்கள். இடைக்கால நோய்க்குறி என்று அதற்குப் பெயர் வந்தது. கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அந்தத் தீவிலிருந்து மனிதர்கள் மட்டும் இக்கரைக்கு வரவில்லை. எங்கள் மாமாவின் மூச்சைக் காத்த அறிவும் அங்கிருந்துதான் வந்தது.

மாமாவின் உடலில் நடந்தது இதுதான். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து நொதியின் குழிக்குள் இறங்கி, வெட்டுகிற கையான செரினைப் பற்றிக்கொள்கிறது. அசிட்டைல் துண்டை ஒரு கணத்தில் கழுவிவிடும் நீரால் இந்தப் பாஸ்பரஸ் துண்டை எளிதில் கழுவ முடிவதில்லை. மடை அடைக்கும் கை கட்டப்பட்டுவிட்டது. செய்தி வந்துகொண்டே இருக்கிறது. சுரப்பிகளெல்லாம் பெருகுகின்றன. தசை துடித்துத் துடித்துக் கடைசியில் எந்தச் செய்தியையும் கேட்காமல் துவண்டுவிடுகிறது. உப்பளத்து அம்மா சொன்னாரே, பாத்தி ஏரி ஆயிடும் என்று.

அட்ரோபின் சுரப்பிகளின் கதவுகளான ஏற்பிகளை மூடி, சுரப்பிகளின் வெள்ளத்தை அடக்குகிறது. தசைமுனைக்கு அதனால் உதவி இல்லை. கட்டப்பட்ட கையை விடுவிக்க பிராலிடாக்சிம் என்ற மருந்து உண்டு. ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. ஒட்டிய நஞ்சு நேரம் போகப் போகத் தன் ஒரு பகுதியை உதறிவிட்டு நொதியோடு நிரந்தரமாக இறுகிவிடும். சில வகைப் பூச்சிமருந்துகளில், பாதி நொதி இப்படி இறுக ஏறக்குறைய 4 மணி நேரம் போதும். வேறு சிலவற்றில் 33 மணி நேரம். இறுகிய நொதியை மீட்க வழியில்லை. உடல் புதிதாகச் செய்துகொண்டால்தான் உண்டு. மாமா மறுபடி வயலுக்குப் போக மாதக்கணக்கானது.

இந்த வகை நஞ்சில் முதல் போர் நச்சான டாபுன் உருவானது ஜெர்மனியில், பூச்சிமருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடரின் ஆய்வகத்தில், 1936 டிசம்பரில். லோவியும் டேலும் நோபல் பரிசு பெற்ற அதே மாதம். ஒரு கதவு கண்டுபிடிக்கப்பட்டதும் அதைப் பூட்டும் வழியும் உடனே வந்துவிட்டது.

8

நியாயமாக இன்னொன்றையும் எழுதவேண்டும். இந்த நொதியைச் சற்றே அடக்குவது சிலருக்கு உயிர்மருந்து.

மயாஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில் தசையின் கதவுகளே குறைந்துபோகின்றன. இமை தூக்க முடியாது, சோற்றை மெல்ல முடியாது. 1934-இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர் இலண்டனின் கிரீனிச் பகுதி மருத்துவமனையில், நொதியை அடக்கும் பைசாஸ்டிக்மினை அளந்து கொடுத்தார். வந்த கொஞ்சச் செய்தி கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்கியது. தொங்கிய இமை எழுந்தது. இன்று அல்சைமர் நோயாளிக்குத் தரும் டோனெபெசில் இந்த நொதியின் குழியில் போய் அமரும் மருந்துதான். அளவோடு வந்து, நேரமானதும் விலகுகிறது. வயலில் தெளிப்பதையும் நாம் மருந்து என்றே சொல்கிறோம். ஒரே சொல். இடமும் அளவும்தான் பிரிக்கின்றன.

இந்த நொதிக்கு இரத்தத்தில் ஒரு தங்கை உண்டு, பியூட்டிரைல்கோலின் எஸ்டரேஸ். பாரதியார் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரத்தினம் பூபதியும் உடன் ஆய்வாளர்களும், கோயம்புத்தூர் வைசியச் சமூகத்தினர் சிலரிடம் இந்தத் தங்கை அறவே வேலை செய்யாததைக் கண்டு, காரணத்தைத் தேடினார்கள். 307-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின். ஓர் எழுத்து மாறியதால் ஒரு சொல் ஊமையாகிவிட்டது. ஆனால் அவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். அறுவைசிகிச்சையின்போது சக்சமெதோனியம் என்ற தசைதளர்த்தி கொடுத்தால் மட்டும் ஆபத்து. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் உடையும் அந்த மருந்து, அவர்களுக்கு மணிக்கணக்கில் நின்று மூச்சை நிறுத்திவைக்கும். மயக்கமருந்து கொடுக்கும் முன் "வீட்டில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதம் ஆனதா?" என்று மருத்துவர் கேட்டால், யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நொதி இருக்கிறது.

9

மாலை. கீழ்புத்துப்பட்டின் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றிய காட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கரையில் ஒரு காலத்தில் பரந்திருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது. சாமிக்கு அஞ்சி மரத்தை வெட்டாமல் விட்டதால் பிழைத்தது. வேண்டாம் என்று ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

வேலியோரம் ஊமத்தை பூத்திருக்கிறது. அட்ரோபின் தரும் பெல்லடோனாவின் உறவுச்செடி. தின்றால் நஞ்சு. மருத்துவமனையில் அதே குடும்பத்து மருந்து துளித்துளியாக ஏறி மாமாவைக் காத்தது.

வேண்டாம் என்று நிறுத்த இலங்கைக்கும் தெரிந்தது. அது 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. அந்த ஆண்டு அங்கே லட்சத்துக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாண்டில் அது ஏறக்குறைய பாதியானது. மனிதனின் துயரம் பாதியாகிவிடவில்லை. கோபமும் துக்கமும் பொங்கும் அந்த ஒரு நாழிகையில் உயிரைக் குடிக்கும் நஞ்சு வீட்டு மூலையில் இல்லாமல் போனது. நாழிகை கடந்தது, பலர் வாழ்ந்தார்கள். மனத்திலும் ஒவ்வொரு அலையும் முடிய வேண்டிய நேரத்தில் முடிவதற்கு வழிவிட வேண்டும். நம் நாட்டிலும் மோனோகுரோட்டோபாஸுக்கு எதிராகத் தடைகள் வந்திருக்கின்றன. கடைசிப் புட்டியும் கடையை விட்டுப் போகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். மருந்தடிக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகத்துணியும் வாங்கிக் கொடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கச் சொல்லுங்கள். வந்ததும் அந்தத் துணியைக் களைந்து, சோப்புப் போட்டுத் தலையோடு குளிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் வியர்வை நிற்காமல், எச்சில் ஊறி, கண்மணி சுருங்கினால் விடியட்டும் என்று உட்காராதீர்கள். அந்தக் காலிப் புட்டியையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்த இரவிலேயே மருத்துவமனைக்குப் போங்கள்.